முப்பத்தைந்துக்கு மேல் சளி

தூத்துக்குடியில் தனியார் பஸ் ஒன்றில் ஏறி, கண்டக்டரிடம் "புதுக்கோட்டை ரெண்டு" என்று கேட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அரும்பு மீசை, வெயிலில் காய்ந்த முகம், பார்த்தாலே கடல்காரர் என்று தெரியும். "அக்கா, இன்னொரு தடவ ரெண்டுன்னு சொல்லுங்க" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, நல்ல பிள்ளையாக "ரெண்டு" என்று சொன்னேன். அந்த ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தான் குலசேகரன்பட்டினம் பக்கம் என்றும், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகவும் சொன்னார். இறங்கப் போகும்போது, ரொம்ப அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப சளி எப்படி இருக்கு, அக்கா?"

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குச் சளி பிடித்து வெகு நாளாகிறது. அவர் கேட்டது என் சளியை இல்லை. எங்கள் ஊர் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில், ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரின் சளியை. அந்தக் கதையை என் வீட்டுக்காரருக்குப் பாதி வழியில் சொல்லத் தொடங்கி, வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகுதான் முடித்தேன். அதைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன்.

ஆலந்தலைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். முழுக்க பைபர் படகுக்காரர்கள். கல்யாணத்துக்கு முன் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஊரிலேயே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தவளுக்கு நிஜமாகவே ஒரு வேலை தேடி வந்தது. சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் சொல்ல ஒரு தகவல் மையம் போட்டது. மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி, பிறகு கறுப்பாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒயர் போய் வெளியே குழாய் ஸ்பீக்கரில் முடியும்.

முதல் நாளே நான் கேட்டேன், ஒரு மைக்கைக் கொடுத்தால் நானே தினமும் பேசிவிட்டுப் போகிறேனே, பெட்டி எதற்கு என்று. பெட்டியைக் கொண்டுவந்த இஞ்சினியர் பொறுமையான ஆள். ஆறு ஊருக்கு ஒரே ஆள்தான் வேலைக்கு, அது நீங்கள்தான் என்றார். மற்ற ஐந்து ஊரிலும் பெட்டி மட்டும்தான் இருக்கும். அப்போது எங்கள் கரையில் நெட் என்பது கிணற்றடியில் நின்றால் கிடைக்கும், நகர்ந்தால் போய்விடும். ஒரு நிமிடப் பேச்சை அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் நாலு எண்ணை ஒரு மெசேஜில் போட்டால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே என் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் முன்கூட்டியே வைத்துவிடுவது. நான் எண்ணை மட்டும் அனுப்புவேன். பெட்டி துண்டுகளைக் கோத்துப் பேசும். நெட் நன்றாக இருந்திருந்தால் என் குரலை இப்படிக் கூறு போட்டிருக்கவே மாட்டார்கள்.

துண்டு என்றால் அத்தனையும் தனித்தனியாக. பூஜ்ஜியத்திலிருந்து எழுபத்தைந்து வரை எண்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர்கள். மணிக்கு, கிலோமீட்டர், அலை, மீட்டர். கடைசியாக, அரசாங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தால் மட்டும் போடுவதற்கு, "கடலுக்குப் போக வேண்டாம்". இதையெல்லாம் பதிவு செய்யச் சத்தமில்லாத ஓர் இடம் வேண்டும் என்றார் இஞ்சினியர். எங்கள் ஊரில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போக? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோயில் மணி, நடுவில் எங்கள் ஊர் பெண்கள். அவர் கையில் மைக்கோடு ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டி அடுக்கும் அறை. சுவரில் ஒரு முழத்துக்குத் தெர்மகோல். கதவைச் சாத்தினால் உலகம் நின்றுவிடும்.

உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு, என் மைனியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மைனி என்றால் அண்ணன் பொண்டாட்டி. முதல் நாள் வார்த்தைகளெல்லாம் முடித்து, எண்ணில் முப்பத்தி நாலு வரை வந்தோம். அதற்குள் என் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. மீதி நாளைக்கு என்று எழுந்தோம். மறுநாள் காலையில் எனக்குத் தொண்டை கட்டி, மூக்கு அடைத்து, என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இஞ்சினியருக்கு மத்தியானம் திருச்செந்தூரில் ரயில். பரவாயில்லை, பொதுவாக அவ்வளவு பெரிய எண்ணெல்லாம் வராது என்று சொல்லி, முப்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்து வரை அந்தக் குரலிலேயே பதிந்துகொண்டு போய்விட்டார். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் கச்சான் அடிப்பதை அவர் பார்த்ததில்லை, பாவம்.

ஆக, பெட்டி பேசத் தொடங்கியது. காற்று இருபது, இருபத்தைந்து என்றால் கணீரென்று ஒரு பெண் சொல்லுவாள். முப்பத்தைந்தைத் தொட்டால் அதே பெண் திடீரென்று சளி பிடித்துக் கமறுவாள். முதல் வாரம் ஊரே சிரித்தது. தண்ணீர் எடுக்கப் போனால், கடைக்குப் போனால், "என்ன, இன்னைக்கு சுக்குத் தண்ணி குடிச்சியா?" என்று ஒரே கேலி. பிறகு அது கேலியாக இல்லாமல் பேச்சு வழக்காகிவிட்டது. கடல் மோசம் என்று யாரும் சொல்லுவதில்லை. "காத்து அக்காவுக்குச் சளி" என்பார்கள். நான் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி போவேன். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட?

இன்னொரு எரிச்சலும் இருந்தது. என் அண்ணனுக்கு என்னைவிட ஏழு வயது அதிகம். வீட்டில் நான் சொல்லி அவன் ஒன்றைக் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. லைப் ஜாக்கெட்டைப் படகில் வை என்று மூன்று வருஷம் சொன்னேன். அது வீட்டில் பூனை படுத்துக்கொள்ளத்தான் பயன்பட்டது. ஆனால் ஐந்து மணி ஆனால், வலையைக் கீழே வைத்துவிட்டு, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கம்பத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பான். பெட்டி சொல்லிவிட்டால் சரி. வாதமில்லை. அதுவும் என் குரல்தானே என்று ஒருநாள் சண்டை போட்டேன். கம்பத்து மேல இருக்கிறவ பொய் சொல்ல மாட்டா, நீ சொல்லுவ என்றான். மைனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெட்டியோடு பேசுவதும் நடந்தது. ஸ்பீக்கர் "அலை, ரெண்டு மீட்டர்" என்று முடித்ததும் மைனி அடுப்படியிலிருந்து "சரிம்மா" என்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். நான் பேசினால் அவள் அப்படிப் பதில் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு எங்கள் ஊருக்கு டவர் வந்தது. ரோட்டோரம் சிவப்பும் வெள்ளையுமாக நட்டார்கள். கிணற்றடியில் நின்ற கூட்டமெல்லாம் அவரவர் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு படம் பார்க்கத் தொடங்கியது. பெட்டிக்கும் யோகம் வந்தது. உள்ளே ஒரு சிம் போட்டு, ஸ்பீக்கரில் சொல்வதோடு ஒவ்வொரு படகுக்காரர் போனுக்கும் அதுவே கூப்பிட்டுச் சொல்லும்படி செய்தார்கள். யாராவது எடுக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடும். எடுக்கும்வரை விடாது. யார் முழுக்கக் கேட்டார்களோ அவர்கள் பெயர் என் கம்ப்யூட்டரில் பச்சையாக மாறும். ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு அவர்கள் வீட்டில்கூட அவ்வளவு விடாப்பிடியாக யாரும் போன் செய்ததில்லை.

நெட் வந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. பெட்டிக்குள் இருக்கும் துண்டுகளை இனி நானே என் மேஜையிலிருந்து மாற்றலாம். வைகாசி கடைசியில் தூத்துக்குடிக்கு ஒரு வேலையாகப் போனபோது, விளம்பரம் பதிவு செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நுழைந்தேன். குளிர் கிடையாது, ஐஸ் கிடையாது. வெந்நீர் கொடுத்தார்கள். முப்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்து வரை, தேன் ஒழுக ஒழுகச் சொன்னேன். யாருக்கும் சொல்லவில்லை. இஞ்சினியருக்கும் சொல்லவில்லை. முதலில் எங்கள் ஊர்ப் பெட்டியில் மட்டும் மாற்றிவிட்டு, மற்ற ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று விட்டேன். பழைய துண்டுகளை அழிக்க மனம் வரவில்லை. எதையும் தூக்கிப் போடாத குடும்பம் எங்கள் குடும்பம். 'சளி' என்று பெயர் போட்டு ஒரு ஓரத்தில் வைத்தேன்.

இரண்டு நாள் காற்று முப்பதைத் தாண்டவில்லை. என் தேன் குரல் வெளியே வர வழியில்லாமல் காத்துக்கிடந்தது. மூன்றாம் நாள், புதன்கிழமை, மத்தியானம் நிலவரம் வந்தது. கச்சான், முப்பத்தெட்டு. எச்சரிக்கை எதுவும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்து மணிக்கு வாசலில் நின்று, நானே முதல்முறையாகக் கேட்பது மாதிரி கேட்டேன். "முப்பத்தி எட்டு." அவ்வளவு இனிமை. இனி எவளாவது சுக்குத் தண்ணீர் என்று வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். மையத்தைத் திறக்கப் போகும்போதே மண் பறந்து கண்ணில் விழுந்தது. கச்சான் எழுந்துவிட்டது. கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. வெளியே போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். திரும்பி வரும்போது மூக்குக்கு நேரே நின்று தள்ளும். எண்ணெய் தீர்ந்தால் அவ்வளவுதான், இலங்கைப் பக்கம் போக வேண்டியதுதான். இன்று ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பில் கரையைப் பார்த்தேன். மணலில் ஏழு படகு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதில் ஒன்று என் அண்ணனுடையது.

வீட்டுக்கு ஓடினேன். மைனி சாவதானமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் அண்ணனைப் போகவிட்டாய், முப்பத்தெட்டு என்று கேட்கவில்லையா என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கபடமே இல்லை.

"கேட்டுச்சு, ஏளா. ஆனா நேத்து நீ நல்லாத்தானே பேசுன. சளியே இல்லையே."

அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருஷமாக இந்த ஊரில் ஒருத்தரும் எண்ணைக் கேட்கவில்லை. மோட்டார் சத்தத்தில், ஏலக் கூச்சலில், காற்றில் எண் சிதறிப் போகும். குரல் கட்டியிருப்பது மட்டும் எங்கே நின்றாலும் கேட்கும். கட்டியிருந்தால் போகாதே, கணீரென்று இருந்தால் போ. அவர்கள் பெட்டியோடு இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். இஞ்சினியருக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பவள் என்று பெயர் வாங்கிய எனக்கும் தெரியாது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, நான் அந்த எச்சரிக்கையை என் கையாலேயே பிடுங்கிப் போட்டிருந்தேன்.

மையத்துக்கு ஓடிவந்து ஒவ்வொரு போனாக அடித்தேன். எல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே. டவர் கடலுக்குள் கொஞ்ச தூரம்தான் எட்டும். படகு அலைமேல் ஏறும்போது ஒரு புள்ளி சிக்னல் கிடைக்கும், இறங்கும்போது போய்விடும். அந்த ஒரு கணத்தில் நான் கூப்பிட வேண்டும். ஏழு பேரை நான் ஒருத்தி மாற்றி மாற்றிக் கூப்பிட்டு எந்தக் கணத்தைப் பிடிக்க? விடாமல் கூப்பிடப் பெட்டியால்தான் முடியும். ஆனால் சொல்வதற்குப் பெட்டியிடம் என்ன இருக்கிறது? "கடலுக்குப் போக வேண்டாம்" இருக்கிறது. போய்விட்டவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? "திரும்பி வாங்க" என்ற துண்டு பெட்டியில் இல்லவே இல்லை. அதைப் பதிய வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, இஞ்சினியருக்கும் தோன்றவில்லை. புதிதாகப் பதிந்து ஏற்றலாமென்றால், புது வாக்கியத்தைச் சேர்க்கும் சாவி சென்னையில் இருந்தது. இருக்கும் துண்டை மாற்றத்தான் எனக்கு அனுமதி. அதில் ஒன்றின் இடத்தில் இதைப் பதிந்து போடலாமே என்ற யோசனை அந்தப் பதற்றத்தில் வரவே இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'சளி'.

பழைய துண்டுகளை எடுத்துப் போட்டேன். காலை நிலவரம் அதற்குள் வந்திருந்தது. கச்சான், நாற்பத்திரண்டு. அதை அடித்து, ஏழு பெயரையும் குறித்து, கூப்பிடு என்று பட்டனை அழுத்தினேன். ஒரு முறை எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருந்ததை அழித்துவிட்டு, பூஜ்ஜியம் போட்டேன். பெட்டி ஒரு குறையும் சொல்லாமல் வேலையைத் தொடங்கியது. அந்த நிமிஷத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

ஏழு பெயரும் சிவப்பு. மைனி வந்து என் பின்னால் நின்றாள். ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெயர் பச்சையானது. பிறகு அடுத்தடுத்து இரண்டு. மூன்று பேர் எடுத்து, என் கட்டிய தொண்டையை முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். மற்றப் படகுகளின் பெண்களும் ஒவ்வொருவராக வந்து அறையை நிறைத்தார்கள். தன் வீட்டுப் பெயர் பச்சையானதும் ஒருத்தி வெளியே கரையைப் பார்த்து ஓடுவாள். பத்து மணிக்கு மேல் ஆறு பெயர் பச்சை. என் அண்ணன் பெயர் மட்டும் சிவப்பு.

அவன் போனை எங்கே வைப்பான் என்பது எங்களுக்குத் தெரியும். நனையக் கூடாதென்று பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கஞ்சி கொண்டுபோகும் பைக்குள், தூக்குவாளிக்கு அடியில். மோட்டார் சத்தத்தில் அது அடித்தாலும் கேட்காது. மைனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் பத்தரைக்குப் பசி எடுக்கும் ஆளு, பத்தரைக்குப் பையைத் திறப்பான் என்றாள். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். அவள் அவன் வயிற்றை வேண்டிக்கொண்டாள். பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சலிப்பில்லை, அழுகையில்லை, முதல் தடவை கூப்பிட்ட மாதிரியே ஒவ்வொரு தடவையும்.

பத்து நாற்பதுக்குப் பச்சை ஆனது.

பச்சை என்றால் கேட்டான் என்றுதான் அர்த்தம். திரும்பினான் என்று அர்த்தமில்லை. அதைச் சொல்லப் பெட்டிக்குத் தெரியாது. கரைக்குப் போய் நின்றோம். பன்னிரண்டு மணியிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முகத்தில் உப்பு பூத்து, கண் சிவந்து வந்தார்கள். இரண்டு மணி வரை ஐந்து படகு. மைனி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். மூன்று மணிக்குக் கடைசியாக இரண்டு படகு, ஒன்றின் பின் ஒன்றாகக் கயிறு கட்டி வந்தன. பின்னால் இழுபட்டு வந்தது எங்கள் படகு. எண்ணெய் தீர்ந்து, அடுத்த படகைக் கூவி அழைத்துக் கயிறு போட்டிருக்கிறான்.

தண்ணீரில் இறங்கி நடந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். நான் ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். அவனுக்குச் சங்கடம். தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"நேத்து பேசுனது மெஷினு. இன்னைக்குப் பேசுனது நீ. அதான் திரும்பிட்டேன்" என்றான்.

இரண்டுமே பெட்டிதான். இன்னும் சரியாகச் சொன்னால், நேற்றுப் பேசியதுதான் நான் மூன்று நாளுக்கு முன் வெந்நீர் குடித்துப் பேசியது. இன்று பேசியது இரண்டு வருஷத்துக்கு முந்தைய தொண்டை. இதை அவனிடம் அப்போது விளக்க எனக்குத் தெம்பில்லை. சாயங்காலம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கேலி பொறுக்காமல் மாற்றிவிட்டேன் என்றேன். திட்டுவான் என்று குனிந்திருந்தேன். அவன் மெதுவாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே, தனக்கு அறுபத்தேழு தடவை போன் வந்திருந்ததாகவும், கல்யாணமான புதிதில்கூடத் தன்னை ஒருத்தரும் அப்படித் தேடியதில்லை என்றும் சொன்னான். மைனி கரண்டியை ஓங்கினாள். வீடு பழையபடி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடியது. என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து போனேன். அவர்கள் ஒரே ஒரு தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். பெட்டியின் சளியை ஊரைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. இஞ்சினியர் போனிலேயே இதைக் கேட்டு முதலில் சிரித்தார். கடைசியில் "திரும்பி வாங்க" என்பதை உடனே பதிந்து அனுப்புங்கள், நான் சேர்த்துவிடுகிறேன் என்றார். பதிந்தேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்ததால் ஐஸ் அறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

என் கல்யாணம் நிச்சயமான வருஷம் இஞ்சினியர் மறுபடி நேரில் வந்தார். இனி துண்டுகளே வேண்டாம் என்றார். எழுதிக் கொடுத்தால் போதும், எந்த வாக்கியத்தையும் மெஷின் என் குரலிலேயே பேசிவிடும். நான் புதுக்கோட்டையில் இருந்தாலும் உலகத்தில் எங்கே இருந்தாலும் பாதகமில்லை. கமிட்டி முன்னால் போட்டுக் காட்டினார். நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் என் குரல் சொன்னது. எனக்குப் புல்லரித்தது. கமிட்டிக்காரர்கள் அசரவில்லை. இதுக்குச் சளி பிடிக்குமா என்று ஒரே கேள்வி கேட்டார்கள்.

பிடிக்க வைக்கலாம், ஆனால் கட்டிய குரலில் இன்னும் கொஞ்சம் பேசிக் கொடுக்க வேண்டும் என்றார் இஞ்சினியர். கல்யாணப் பெண்ணுக்குச் சளி பிடிக்க வைக்க ஊரே சேர்ந்து முயற்சி செய்தது. மூன்று ஐஸ்கிரீம், தலைக்குக் குளித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் தூக்கம், ஐஸ் அறையில் மறுபடி ஒரு மணி நேரம். ஒரு தும்மல்கூட வரவில்லை. குரல் நாதஸ்வரம் மாதிரி சுத்தமாக இருந்தது. கடைசியில் பழைய நாற்பத்தொரு எண்களை வைத்தே அவர் மெஷினுக்குச் சளியைக் கற்றுக்கொடுத்தார். காற்று முப்பத்தைந்தைத் தொட்டால் தொண்டை கட்ட வேண்டும் என்று உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். அதை எடுத்துவிடாதே என்று எனக்குப் பிறகு வந்த பெண்ணிடம் நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது புதுக்கோட்டையில் இருக்கிறேன். கடல் தெரியாது, காற்றில் உப்பு கிடையாது. ஆனால் கூப்பிட வேண்டிய பட்டியலில் என் நம்பரையும் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். தினமும் ஐந்து மணிக்கு எனக்கு நானே போன் செய்து காற்று நிலவரம் சொல்லிக்கொள்கிறேன். இதைக் கேட்டால் என் மாமியார் இன்னும் சிரிக்கிறார்.

போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து குல்பி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் குரல் படுமோசமாகக் கமறியது. கச்சான், நாற்பத்தொன்று. கேட்டு முடித்து வைத்த மறுநிமிடம் அண்ணன் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"ஏளா, உனக்குச் சளி பிடிச்சிருக்காமே. நாளைக்கு நான் போகல. சுக்குத் தண்ணி போட்டுக் குடி" என்றான்.

கையில் குல்பி உருகி முழங்கை வரை வழிந்தது. சரிண்ணே என்றேன். அவன் உடனே வைக்கவில்லை. ஏதோ சந்தேகம் இருக்கிறவன் மாதிரி இழுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து நன்றாக இரண்டு தடவை இருமினேன்.